பால் சங்கத்தில் தொடங்கிய பேச்சு

கேள்வி

அம்மா அவர்களுக்கு வணக்கம். எனக்கு 42 வயது. நாமக்கல் மாவட்டத்தில், ஊரிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தோட்டத்து வீட்டில் என் அம்மாவோடு இருக்கிறேன். மூன்றரை ஏக்கர் நிலமும் நான்கு கறவை மாடுகளும் உண்டு. பி.காம். முடித்து ஈரோட்டில் கணக்கு எழுதும் வேலையில் இருந்தேன். அப்பா இறந்த பிறகு தோட்டத்துக்கே வந்துவிட்டேன். 28 வயதில் எனக்குப் பெண் பார்க்கத் தொடங்கினார்கள். பத்து வருடத்தில் எத்தனை வீடு ஏறி இறங்கினோம் என்று கணக்கில்லை. "தோட்டம் பாக்கறவருக்குக் கொடுக்கறதில்லைங்க" என்பதுதான் எங்கும் பதில். பாலக்காட்டுப் பக்கம் பெண் பார்த்துத் தருவதாகச் சொன்ன தரகர் ஒருவரிடம் எண்பதாயிரம் ரூபாய் கொடுத்து ஏமாந்ததோடு எல்லாவற்றையும் விட்டுவிட்டோம். இப்போது கல்யாண வீடுகளுக்குப் போவதே இல்லை. சில வருடங்களாக இரவில் கொஞ்சம் குடிக்கிறேன்.

எங்கள் ஊர்ப் பால் சங்கத்தில் இரண்டு வருடமாக ஒரு பெண் பரிசோதகராக இருக்கிறார். என்னைவிட ஐந்து வயது இளையவர். லாரி ஓட்டிக்கொண்டிருந்த அவர் கணவர் விபத்தில் இறந்துவிட்டார். ஏழாவது படிக்கும் மகளும் மாமியாரும் அவரோடு இருக்கிறார்கள். வேறு சாதி. போன ஐப்பசியில் ஒரு நாள் என் பாலைப் பார்த்துவிட்டு, "ரெண்டு நாளா இதரச் சத்து குறையுதுங்க, மாட்டு மடியப் பாருங்க" என்றார். போய்ப் பார்த்தால் ஒரு மாட்டுக்கு மடிநோய் தொடங்கியிருந்தது. அதிலிருந்து பேச்சு. சங்கத்தில் வரிசை குறையும்வரை அவர் மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். காய்ச்சலில் நான்கு நாள் நான் போகாதபோது, பால் கொண்டுபோன அம்மாவிடம் என்னை விசாரித்திருக்கிறார். விடிகாலையில் எழுந்திருக்க இப்போது ஒரு காரணம் இருக்கிறது. அவரிடம் நான் எதுவும் சொல்லவில்லை.

இது உண்மையான அன்பா, ஆளில்லாத ஏக்கமா? இந்த வயதில் இது தேவையா? சொல்லி, அவர் மறுத்துவிட்டால் மறுநாள் எந்த முகத்தோடு பால் ஊற்றப் போவேன்? அம்மாவும் தங்கையும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். வழி சொல்லுங்கள்.

பதில்

அன்புள்ள வாசகருக்கு,

அன்பா, ஏக்கமா என்று இரண்டில் ஒன்றைச் சொல்லும்படி கேட்டிருக்கிறீர்கள். பசியோடு உட்கார்ந்தவர் சோற்றை ருசித்துச் சாப்பிடும்போது, அதில் பசி எவ்வளவு, ருசி எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஏக்கத்தோடு வந்தது என்பதற்காக ஓர் அன்பு பொய்யாகிவிடுவதில்லை. 22 வயதில் காதலித்தவர்களும் ஏதோ ஒரு குறையோடுதான் காதலித்தார்கள். ஆனால் ஏக்கத்துக்கு ஒரு குணம் உண்டு. எதிரில் இருப்பவரைப் பற்றி நமக்குத் தெரியாத இடங்களையெல்லாம் அது நமக்கு வேண்டியபடி நிரப்பிக்கொள்ளும். எனவே உங்கள் உணர்ச்சியை உரசிப் பார்ப்பதை விட்டுவிட்டு, அவரை எவ்வளவு தெரியும் என்று பாருங்கள். மகளை என்ன படிக்க வைக்க நினைக்கிறார்? இறந்த கணவரைப் பற்றிப் பேசுவாரா, பேச்சை மாற்றுவாரா? மாமியாரோடு இருப்பது விருப்பத்தினாலா, வேறு வழியில்லாததாலா? மறுமணம் என்ற எண்ணம் அவருக்கு உண்டா? உங்கள் கடிதத்தில் இவற்றில் ஒன்றுக்கும் விடை இல்லை. பாலில் சத்து குறைவதைச் சொன்னது அவருடைய வேலை. காய்ச்சலில் விசாரித்தது அவருடைய பண்பு. அதற்கு மேலும் ஏதாவது இருக்கலாம். இருக்கிறது என்று நீங்கள் இப்போதே முடிவு செய்துகொள்வதுதான் ஆபத்து.

அதே சமயம், மடிநோயைப் பற்றிய அந்த ஒரு வாக்கியம் உங்களுக்குள் ஏன் இவ்வளவு தூரம் இறங்கியது என்பதையும் யோசித்துப் பாருங்கள். வருடக்கணக்கில் உங்களை எல்லோரும் "இன்னும் அமையலையா?" என்று மட்டுமே கேட்டிருக்கிறார்கள். ஒருவர் உங்கள் பாலைக் கவனித்தார், மாட்டைப் பற்றிக் கவலைப்பட்டார், அது சரியாகவும் இருந்தது. உங்கள் உழைப்பை ஒருவர் மதித்துப் பார்த்த அனுபவம் அது. அவரிடமிருந்து உங்களுக்கு உண்மையிலேயே கிடைத்த பொருள் இதுதான். மற்றவை இனிமேல் தெரிய வேண்டியவை.

தனிமையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் வைஸ், 1973ஆம் ஆண்டில் தனிமையை இரண்டாகப் பிரித்துக் காட்டினார். மனத்துக்கு நெருங்கிய ஒருவர் இல்லாத தனிமை ஒன்று. சுற்றமும் நட்புமாகக் கலந்து புழங்க ஆட்கள் இல்லாத தனிமை இன்னொன்று. ஒன்றுக்கான மருந்து மற்றொன்றைத் தீர்க்காது என்பதுதான் அவர் சொன்னதில் எனக்கு முக்கியமாகப் படுவது. உங்களிடம் இரண்டும் இருக்கின்றன. கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்தினீர்கள்; அதோடு ஒரம்பரை, அதாவது உறவினர் வரத்துப்போக்கு, நின்றது, பங்காளிகளோடு பேச்சு நின்றது, உடன் படித்தவர்களும் விலகியிருப்பார்கள். தஞ்சாவூர்ப் பக்கம் வீடு தெருவில் இருக்கும், வயல் வெளியே இருக்கும். நம் பக்கம் வீடே தோட்டத்துக்குள் இருக்கிறது. கவலை பூட்டி, அதாவது கிணற்றில் மாடு கட்டி, தண்ணீர் இறைத்த காலத்தில் ஒரு தோட்டத்தில் நான்கு பேருடைய குரலாவது கேட்டுக்கொண்டிருக்கும். இன்று மோட்டாரைக் கட்டிலில் படுத்தபடியே செல்போனில் போட்டுவிடலாம். பழைய கவலை போய்ப் புதிய கவலை வந்திருக்கிறது. இதை நகரத்து நோய் என்று நினைக்க வேண்டாம். உலகில் ஆறில் ஒருவர் தனிமையால் பாதிக்கப்பட்டிருப்பதாக உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆணையம் 2025ஆம் ஆண்டு அறிக்கையில் சொல்லியிருக்கிறது.

இதை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. 14 வருட வெறுமை முழுவதையும் நிரப்பும் வேலையை ஒரே ஒருவரிடம் ஒப்படைத்தால், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் மூச்சுத் திணறிப்போவார். அவருக்கு ஏற்கெனவே ஒரு பிள்ளையும், ஒரு முதியவரும், இரண்டு வேளை சங்கத்து வேலையும் இருக்கின்றன. ஆகவே அவரிடம் பேசுவதற்கு முன்பே, அடுத்து வரும் ஒரு கல்யாணத்துக்கோ காதுகுத்துக்கோ போய் வாருங்கள். "உனக்கு எப்பப்பா?" என்று கேட்பார்கள்தான். ஒரு சிரிப்போடு அந்தக் கேள்வியைக் கடந்து, பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வர முடிகிறதா என்று பாருங்கள்.

பெண் கிடைக்காததை நீங்கள் உங்கள் தோல்வியாகச் சுமந்துகொண்டிருக்கிறீர்கள். அது உங்கள் தோல்வி இல்லை என்பதற்கு என்னிடம் ஒரு கணக்கு இருக்கிறது. நீங்கள் கணக்குப் படித்தவர் என்பதால் சொல்கிறேன். 1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது உங்கள் ஊர் சேலம் மாவட்டத்தில் இருந்தது. நாமக்கல் தனி மாவட்டமானது 1997இல்தான். அந்தக் கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தில் ஆறு வயது வரையுள்ள ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு ஏறத்தாழ 850 பெண் குழந்தைகளே இருந்தார்கள். தொட்டில் குழந்தைத் திட்டம் அடுத்த ஆண்டு சேலத்தில் தொடங்கப்பட்டதன் பின்னணி இதுதான். அன்று ஆறு வயதுக்குள் இருந்த பெண்களுக்கு இன்று வயது முப்பதுகளின் நடுவிலிருந்து நாற்பதைத் தாண்டி வரை. உங்களுக்குப் பெண்ணாக வந்திருக்க வேண்டியவர்களில் ஒரு பங்கினர் பிறக்கவே இல்லை, அல்லது பிறந்து பிழைக்க விடப்படவில்லை. பிழைத்தவர்கள் படித்தார்கள், தங்கள் அம்மாக்கள் சாணி அள்ளியதையும் விடிகாலையில் பால் கறந்ததையும் பார்த்து வளர்ந்தவர்கள், அந்த வாழ்க்கை வேண்டாம் என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இந்தப் பற்றாக்குறையில்தான் உங்களை ஏமாற்றியவரைப் போன்ற தரகர்கள் பிழைக்கிறார்கள்.

ஆனால் இந்தக் கணக்கு உங்களை ஆறுதல்படுத்தும்போதே ஓர் எச்சரிக்கையையும் தருகிறது. பெண் என்பவர் "கிடைக்கும்" அல்லது "கிடைக்காத" ஒரு பொருள் என்ற பேச்சுக்குள்ளேயே நீங்கள் பத்து வருடம் வாழ்ந்திருக்கிறீர்கள். கணவரை இழந்த ஒரு பெண்ணைப் பார்க்கும்போது, "இவராவது ஒத்துக்கொள்வார்" என்ற நினைப்பு மனத்தின் ஓரத்தில் இருந்தால், அதை இப்போதே கண்டுபிடித்து வெளியே எடுத்துப் போட்டுவிடுங்கள். அவர் அதை உங்களுக்கு முன்பே கண்டுபிடித்துவிடுவார். உங்கள் கடிதத்தில் அந்த வாடை அடிக்கவில்லை. உங்கள் அம்மாவின் பேச்சிலோ, நாளை சமாதானம் பேச வரும் உறவினர் பேச்சிலோ அது கட்டாயம் வரும்.

இனி, சொல்லலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். சொல்லலாம். 42 வயது ஒரு தடையே இல்லை. ஆனால் மறுத்தால் உங்கள் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று கேட்ட நீங்கள், அவர் முகத்தை எங்கே வைத்துக்கொள்வார் என்று கேட்கவில்லை. ஊருக்குள் இந்தப் பேச்சு பரவினால் உங்களைக் கேலி செய்வார்கள். நான்கு மாதத்தில் மறந்துவிடுவார்கள். அவரோ தினமும் இரண்டு வேளை, ஊரில் பால் ஊற்றும் அத்தனை பேர் முன்னிலையிலும் நின்றாக வேண்டியவர். சங்கத் தலைவர் ஒரு வார்த்தை சொன்னால் வேலை போகும். மகள் பள்ளிக்கூடத்தில் பேச்சு வாங்குவாள். ஒரே விஷயத்தில் இரண்டு பேர் இறங்கும்போது, ஒருவருக்கு முழங்கால் அளவும் மற்றவருக்குக் கழுத்தளவும் தண்ணீர் இருக்கிறது. எனவே நீங்கள் பேசும் விதம், அவர் எதையும் இழக்காமல் "வேண்டாம்" என்று சொல்வதற்கு இடம் தருவதாக இருக்க வேண்டும்.

பால் ஊற்றும் நேரத்தில் பேசாதீர்கள். அது அவர் வேலை செய்யும் இடம், அங்கிருந்து அவரால் எழுந்து போக முடியாது. இரவில் வாட்ஸ்அப்பில் எழுதாதீர்கள். எழுதியது யார் கைக்கும் போகும். மகள் மூலமாக எந்தச் செய்தியும் அனுப்பாதீர்கள். குழந்தைக்கு நீங்கள் சொல்லிக்கொடுக்கும் கணக்கு கணக்காகவே இருக்கட்டும். அவர் மறுத்த பிறகும் அது தொடர வேண்டும் என்பதை இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். அவர் அண்ணி என்றோ அக்கா என்றோ நம்பும் ஒரு பெரிய மனுஷி இருந்தால் அவர் வழியாகக் கேட்கலாம் என்று தோன்றும். நம் வழக்கமும் அதுதான். இங்கே அதை நான் பரிந்துரைக்கவில்லை; மூன்றாவது காதுக்குப் போனது ஊருக்குப் போனதுபோலத்தான். பகல் நேரத்தில், நாலு பேர் பார்க்கக்கூடிய, ஆனால் நாலு பேர் காதில் விழாத இடத்தில் நீங்களே சொல்வது நல்லது. கால்நடை மருந்தகமோ, சந்தை நாளில் பேருந்து நிறுத்தமோ போதும்.

சொல்ல வேண்டியதும் சிறியதுதான். "உங்களோட பேசறது எனக்குப் பிடிச்சிருக்குங்க. கல்யாணங்கிற எண்ணத்தோடதான் சொல்றேன். உங்களுக்கு அப்படி எதுவும் இல்லைன்னா ஒரு தப்பும் இல்லைங்க, நான் மறுபடி கேக்க மாட்டேன், யார்கிட்டயும் சொல்லவும் மாட்டேன். இப்பவே பதில் சொல்ல வேண்டாம்." இவ்வளவு போதும். அதில் உங்கள் 14 வருடக் கஷ்டம் வரக்கூடாது, எண்பதாயிரம் ரூபாய் வரக்கூடாது, "உங்களையும் பாப்பாவையும் நல்லா வச்சுக்கறேன்" என்ற வாக்குறுதியும் வரக்கூடாது. அவர் இரண்டு வருடமாகச் சொந்தச் சம்பளத்தில் குடும்பம் நடத்திக்கொண்டிருப்பவர். யாராவது வைத்துக்காப்பாற்றும் நிலையில் இருப்பதாக அவர் உங்களிடம் சொல்லவில்லை.

குடியைப் பற்றி ஒரே வரியில் எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள்; நான் நகர மாட்டேன். "கொஞ்சம்" என்று எழுதுபவர்களின் அளவைக் கேட்டு, பிறகு வீட்டில் இருப்பவர்களிடம் விசாரித்தால் இரண்டும் ஒத்துப்போவது அபூர்வம். எல்லா நாளுமா, எவ்வளவு, குடிக்காத நாளில் காலையில் கை நடுங்குகிறதா, தூக்கம் வராமல் போகிறதா என்று உங்களையே நேர்மையாகக் கேளுங்கள். நடுக்கம் இருந்தால் திடீரென்று ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். அது உயிருக்கே ஆபத்தாகலாம். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போனால் மருந்தோடு பாதுகாப்பாக நிறுத்த வழி செய்வார்கள். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற டெலிமானஸ் (அரசு மனநல ஆலோசனை) எண்ணில், எந்த நேரத்திலும், கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். இதைச் சரிசெய்த பிறகு அவரிடம் பேசுங்கள். ஒருவேளை இரண்டு மூன்று மாதம் ஆகலாம்; ஆகட்டும்.

அவர் சரி என்றால், அதற்குப் பிறகுதான் வீட்டுப் பேச்சு. உங்கள் அம்மாவின் எதிர்ப்பில் சாதியும் இருக்கும், "வந்தவ புள்ளைக்கு நிலம் போயிருமே" என்ற பயமும் இருக்கும். முதலாவதை உங்களால் வாதாடி ஜெயிக்க முடியாது. உறுதியாக நின்று காலம் கொடுக்கத்தான் முடியும். இரண்டாவதற்குத் தெளிவான பதில் உண்டு. நிலம் உங்கள் அப்பாவின் பெயரில் இருந்து, அவர் உயில் எழுதாமல் இறந்திருந்தால், அம்மாவுக்கும் தங்கைக்கும் அதில் பங்கு இருக்கிறது. கூட்டுப் பட்டாவாக இருந்தாலும் சரி, உங்கள் பெயருக்கே மாற்றியிருந்தாலும் சரி, அதை முதலில் வெளிப்படையாகப் பேசித் தீர்த்துவிடுங்கள். மனைவியின் முதல் திருமணத்துக் குழந்தை, 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி உங்களுக்குத் தானாக வாரிசு ஆகாது. அந்தப் பெண்ணுக்கு ஏதாவது தர விரும்பினால் உங்கள் பங்கிலிருந்து உயிலோ தானப் பத்திரமோ எழுதித்தான் தர முடியும். அம்மாவின் பயத்தை இது தணிக்கும். ஆனால் இதையே நீங்கள் அந்தத் தாயின் இடத்தில் இருந்து படித்துப் பாருங்கள். தன் மகளுக்கு இந்த வீட்டில் என்ன நிச்சயம் என்று அவர் கேட்டால், அது பேராசை இல்லை.

அவருக்கும் இழப்புக் கணக்கு ஒன்று இருக்கும். கணவர் வழியில் அவருக்கு வந்த சொத்துப் பங்கு மறுமணத்தால் பறிபோகாது. பறிபோகுமோ என்ற குழப்பத்துக்குக் காரணமாக இருந்த, அதே வாரிசுரிமைச் சட்டத்தின் பழைய பிரிவும் 2005 திருத்தத்தில் நீக்கப்பட்டுவிட்டது. ஆதரவற்ற விதவை உதவித்தொகை வாங்கிக்கொண்டிருந்தால் அது நின்றுவிடும். லாரி விபத்துக்கான இழப்பீட்டு வழக்கு முடியாமல் இருந்தால், எதையும் செய்வதற்கு முன் அவர் தன் வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளட்டும். மாமியார் எங்கே இருப்பார் என்பது இவை எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வி. மகனை இழந்த ஒரு தாயை, மருமகளையும் பேத்தியையும் கூட்டிக்கொண்டு வந்து தனியாக விட்டால், உங்கள் தனிமையை எடுத்து அவர் வீட்டு வாசலில் வைத்தது போலாகும். மூவராக வந்தாலும் வரவேற்பீர்களா என்பதை நீங்கள் யோசித்து வைத்திருக்க வேண்டும்.

சாதி விஷயத்தில் நான் மென்மையாக எழுதிப் பயனில்லை. நம் மாவட்டங்களில் இதற்காக உயிர் போயிருக்கிறது. வயது முதிர்ந்தவர்கள் என்பதால் விட்டுவிடுவார்கள் என்று நம்பி இருந்துவிடக் கூடாது. உங்கள் பங்காளிகளில் யார் கோபக்காரர், யார் பேச்சுக்குக் கட்டுப்படுவார் என்பது உங்களுக்குத்தான் தெரியும். மிரட்டல் வந்தால் அதைக் குடும்பப் பிரச்சினை என்று விழுங்கிவிடாதீர்கள். சாதி மீறிய திருமணங்களில் இணையர்க்குப் பாதுகாப்புத் தர வேண்டிய கடமை காவல்துறைக்கு உண்டு என்பதை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் மாதத் தீர்ப்பில் தெளிவாகச் சொல்லி, மாவட்டந்தோறும் தனிப்பிரிவு வேண்டும் என்றும் உத்தரவிட்டிருக்கிறது. அவருக்கு 181 என்ற பெண்கள் உதவி எண் தெரிந்திருக்க வேண்டும். இருவரும் இந்துக்கள் என்றால், 1967இல் அண்ணா ஆட்சியில் வந்த திருத்தத்தின்படி, சாட்சிகள் முன்னிலையில் மாலை மாற்றிச் செய்துகொள்ளும் சுயமரியாதைத் திருமணம் முழுமையாகச் செல்லும். 90 நாளுக்குள் பதிவு செய்துவிடுங்கள். தனித் திருமணச் சட்டத்தின் கீழ் செய்தால் 30 நாள் அறிவிப்பு ஒட்டப்படும் என்பதால், உங்கள் ஊர் நிலவரத்தில் அது தேவையில்லாத அழைப்பாக முடியலாம்.

அந்தப் பெண் குழந்தையிடம் கடைசியில் சொல்லிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 12 வயது என்பது எல்லாம் புரிகிற வயது. இப்போது அவளுக்கு நீங்கள் கணக்குச் சொல்லித்தரும் மாமா. அந்த இடம் நல்ல இடம். அப்பா என்ற இடத்துக்கு அவசரமாக மாற முயன்றால் இருக்கிற இடமும் போய்விடும். அவளிடம் பேசுவது அவள் அம்மாவின் உரிமை, அவர் சொல்லும் நாளில், அவர் சொல்லும் விதத்தில்.

கடைசியாக, எந்த முகத்தோடு பால் ஊற்றப் போவேன் என்று கேட்டீர்களே, அதற்கு வருகிறேன். அவர் மறுத்தால், மறுநாள் காலையில் வழக்கமான நேரத்துக்கு, வழக்கமான வரிசையில் போய் நில்லுங்கள். அம்மாவை அனுப்பிவிட்டு ஒதுங்காதீர்கள். தனியாரிடம் பாலை மாற்றிவிடாதீர்கள். நீங்கள் போகாமல் இருந்தால் ஏன் என்று ஊர் கேட்கும், பதில் சொல்லும் பொறுப்பு அவர் தலையில் விழும். பால் அட்டையை நீட்டுங்கள், அவர் எழுதித் தருவார், வாங்கிக்கொண்டு வாருங்கள். முதல் ஒரு வாரம் கஷ்டமாக இருக்கும். யோசிக்க நாள் வேண்டும் என்று அவர் சொன்னாலும் இதே நடைமுறைதான்; பத்து நாளானாலும் இரண்டு மாதமானாலும், அந்தப் பேச்சை மறுபடி எடுப்பது அவர் முறை.